நீ சொன்ன ஓம்

மகள்,

உனக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. ஆனபடியால் இந்தக் கடிதம் இப்போதுள்ள உனக்கு அல்ல. வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய், அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கிற வயதில் இருக்கும் உனக்கு. எழுதி வீட்டு அலுமாரியில் வைத்திருக்கலாம்தான். ஆனால் போன மாரியில் ஊறிய கீழ்த்தட்டு இன்னும் உப்பிப்போய்க் கிடக்கிறது, கதவு சாத்துப்படுவதில்லை. கடதாசியை நம்பி அந்த வீட்டில் வைக்க ஏலாது. நாலு பேர் வாசிக்கிற இடத்தில் அச்சாகிவிட்டால் எங்கேயாவது ஒரு பிரதி ஈரம் படாமல் கிடக்கும். அதற்காகத்தான் பகிரங்கமாக எழுதுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிற ஆசை எனக்கில்லை, அதற்குரிய வயதும் இல்லை.

நாளைக்கு நான் போகிறேன். நாடுகளெல்லாம் கூடி நிலைபேறான அபிவிருத்தி பற்றிக் கதைக்கும் ஒரு சர்வதேச மன்றத்தின் அலுவலகத்தில் இரண்டு வருட வேலை. வேலை என்னவென்று ஆட்கள் கேட்கும்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வரி எழுதப் போகிறேன். ஓரிடத்தில் ஒரு திட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்த இடத்துச் சனத்தின் சம்மதத்தை எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவது என்பதற்கான விதி. அதை வரைகிற சின்னக் குழுவில் நானும் ஒருவன். துறைமுகத்திலும் கரையோரக் களப்புகளிலும் நீர்மட்டம் அளக்கும் கருவிகளைப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கருவி பிழை என்றால் கழற்றிச் சரி செய்வேன், சரி வராவிட்டால் வேறு பூட்டுவேன். அரை நாளில் முடிகிற காரியம். என்னைப் போன்ற ஓர் அவசரக்காரனை ஒரு வரிக்காக இரண்டு வருடம் கதிரையில் இருத்தப் போகிறார்கள். ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் நம்முடைய களப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ வாசிக்கிற நேரம் அது எந்தக் கோலத்தில் இருக்குமோ தெரியாது. திருகோணமலைக்கு வடக்கே, சல்லியைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகும் கரையில், உன் அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீட்டுக்குப் பின்னால், கடலோரமாக உவர்நீர் தேங்கி நிற்கிற சின்னக் களப்பு. கோடையில் அதன் முகத்துவாரத்தைக் கடல் மணலால் மூடிவிடும். மாரியில் மேற்கேயிருந்து வெள்ளம் வந்து நிறையும். அப்போது மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். வாய் வெட்டுவது என்று சொல்வார்கள். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. வயல்காரருக்கு உடனே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பயிர் மூழ்கும். மீன்காரருக்குப் பிந்த வேண்டும், இல்லாவிட்டால் இறால் பருக்க முதல் கடலுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் திட்டில் கூடி நின்று மணிக்கணக்காகக் கதைக்கும். இதை ஏதோ புண்ணிய காலம் மாதிரி எழுதுவார்கள், நம்பாதே. மீன்காரர் பிடிவாதம் பிடித்து வயல் அழிந்த வருடங்களும் உண்டு, பொல்லுகளோடு வந்து மண்டை உடைந்த வருடங்களும் உண்டு. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் பிசகாமல் இருந்தது. கதைத்து முடிந்தபின் வயல்காரரில் ஒருவரும் மீன்காரரில் ஒருவரும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து ஒரே நேரத்தில் முதல் வெட்டு வெட்ட வேண்டும். இரண்டில் ஒரு மண்வெட்டி எழும்பாவிட்டால் அன்றைக்குக் கூட்டம் கலையும். வாயால் என்ன சொன்னாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அம்மாவும் நானும் கலியாணம் கட்டிய புதிதில், வெளிநாட்டு நிதியொன்றில் ஒரு திட்டம் வந்தது. மேலே சொன்ன அதே மன்றத்தில் பிறந்து, பல கைகள் மாறி எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த திட்டம். முகத்துவாரத்தில் கொங்கிரீட் அணை கட்டிக் கதவு வைப்பது, களப்போரத்தில் உவர்நீரில் வளரும் கண்டல் மரங்கள் நடுவது. மோசமான யோசனை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். நேர்த்தியான கதவொன்று இருந்தால் மண்டை உடையத் தேவையில்லை. வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் படங்கள் காட்டி ஆங்கிலத்தில் சொல்ல, கூட வந்தவர் தமிழில் சொன்னார். முன்வரிசையில் உன் மாமா, அம்மாவின் தம்பி சுதன், களப்பில் தோணி வலிக்கிறவன். பக்கத்தில் மேற்கு வயல் பக்கத்து ரவூப் நானா, எல்லாருக்கும் அண்ணன் முறை. ஒவ்வொரு வசனம் முடியவும் சனம் தலையாட்டி ஓம், ஓம் என்றது. மேசையில் சின்னக் கருவியொன்று எல்லாவற்றையும் பதிந்தபடி இருந்தது.

அந்த ஓம் என்னவென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, இங்கே வளர்கிற பிள்ளை நீ. வெளியிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எழுத்துப்படி அது ‘ஆம்’. எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைத்துக்கொண்டு போகும்போது மற்றவர் ஓம் போடாமல் இருந்தால் அது மரியாதைக் குறைவு. தொலைபேசியில் ஓம் சொல்லாவிட்டால் லைன் அறுந்துவிட்டதாக நினைத்துத் திரும்ப எடுப்பார்கள். உன் குரல் காதில் விழுகிறது, மேலே சொல்லு. அவ்வளவுதான் அதன் பொருள்.

திறப்பு விழா நடந்தபோது நீ அம்மாவின் வயிற்றில். ஒலிபெருக்கியில் ஓர் அதிகாரி வாழ்த்திப் பேசினார். இந்தத் திட்டத்துக்கு இரு தரப்பு மக்களும் ஏகமனதாகச் சம்மதம் தெரிவித்ததாகவும், அந்தக் குரல் பதிவுகள் மன்றம் வரைக்கும் போய்ப் பாராட்டப்பட்டதாகவும் சொன்னார். சுதன் என் பக்கம் திரும்பினான்.

“அத்தான், நாங்கள் எப்ப சம்மதிச்சனாங்கள்?”

“வாசிகசாலையில ஓம் ஓம் எண்டு தலையாட்டினனி.”

“அது மனுசன் தொண்டை வறளக் கதைக்குது, பாவம் எண்டு சொன்னது.”

ரவூப் நானா சத்தமில்லாமல் சிரித்தார். “விடு தம்பி. ஏகமனதாம். நம்மட ரெண்டு பகுதியும் முதல் தடவை ஒத்துப்போயிருக்கு, நமக்கே தெரியாம.”

நாங்கள் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தது இப்போது நெஞ்சைக் குத்துகிறது என்றெல்லாம் எழுத எனக்கு வராது. சிரிப்பு வந்தது, சிரித்தோம்.

பிரச்சினை கதவில் இல்லை, குறியில். அணைச் சுவரில் சிவப்பு நிறத்தில் ஒரு கோடு. களப்புத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால்தான் கதவைத் திறக்கலாம் என்பது விதி. புதிதாக நட்ட கண்டல் கன்றுகளுக்கு உவர்நீர் எவ்வளவு வேண்டுமென்று கணக்குப் பார்த்துப் போட்ட கோடு அது. கன்று பிழைக்கிற வீதம்தான் திட்டத்தின் வெற்றிக்கு அளவு. வீட்டு வாசற்படிகள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் மட்டக்கருவி வைத்துப் பார்த்தேன். கோடு எங்கள் வாசற்படியை விட ஏறக்குறைய ஒரு சாண் மேலே இருந்தது. அதாவது, வீட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றால்தான் கதவு திறக்கும். உன் மாமாவின் வீடு இன்னும் பள்ளம். கோட்டை ஒரு சாண் இறக்குங்கள், கன்று கொஞ்சம் சாகும், பரவாயில்லை, திரும்ப நடலாம் என்று திட்ட அலுவலகத்துக்குச் சொன்னேன். குறியை மாற்றும் அதிகாரம் தங்களுக்கில்லை, நிதி தந்தவர்களுக்குத்தான் என்றார்கள். நிதி தந்தவர்களோ மன்றம் வகுத்த அளவுகோல் என்றார்கள். அப்படியென்றால் மன்றத்திடமே கேட்கிறேன் என்று கோபத்தில் சொன்னேன். இளம் தொழில்நுட்பர்களைக் கூப்பிடுகிற ஓர் ஒழுங்கு இருந்தது, விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. நீ அப்போது தவழத் தொடங்கியிருந்தாய்.

ஒரு சாண் கேட்பதற்காக நான் மூன்று விமானம் மாறிப் போனேன், மகள்.

அந்த மண்டபத்தை நீ எப்போதாவது பார்க்கக்கூடும், அதனால் வர்ணிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய திரையில் ஒரு பந்தி போட்டிருந்தார்கள், அதில் பாதிச் சொற்களுக்கு அடைப்புக்குறி. ஒத்துவராத சொல் அடைப்புக்குறிக்குள் கிடக்கும். நான் போன அன்று முழுக்க, நாடுகளை ‘வலியுறுத்துகிறது’ என்று போடுவதா, ‘அழைக்கிறது’ என்று போடுவதா என்று வாதாடினார்கள். காலையில் தொடங்கி, சாப்பிடப் போய், திரும்பி வந்து அதே இரண்டு சொல். பொறுமை போய் எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர், நான் குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்துத் தன் சால்வையைத் தரப் பார்த்தார்.

எனக்குத் தந்தது மூன்று நிமிடம். மற்றவர்கள் முதல் நிமிடத்தைத் தலைவருக்கும் ஏற்பாட்டாளருக்கும் நன்றி சொல்லியே முடித்தார்கள். நான் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. சம்மதம் என்று பதியப்பட்டது சம்மதம் இல்லை என்றேன், கோடு ஒரு சாண் உயரம் என்றேன். சாண் என்பதற்கு ஆங்கிலத்தில் சொன்ன சொல் அங்கே பலருக்குப் பிடிபடவில்லை. ஆகவே வலது கையை உயர்த்தி, பெருவிரலையும் சின்ன விரலையும் அகட்டி, இவ்வளவுதான், இவ்வளவுதான் கேட்கிறேன் என்று காட்டினேன். மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு மனிதர், நான் தனக்குக் கைகாட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு திருப்பிக் கையசைத்தார். ஒலிவாங்கியின் பச்சை வெளிச்சம் சிவப்பானது. தலைவர் சொன்னார், கருத்து நன்றியுடன் குறித்துக்கொள்ளப்படுகிறது.

வெளியே கோப்பி வைத்திருந்த மேசையடியில் ஓர் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். பசிபிக்கில் எங்கேயோ ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி. நீங்கள் பிழையான அறையில் சாண் கேட்கிறீர்கள் என்றார். இந்த அறை எதையும் இறக்காது, ஏற்றாது, சொல் மட்டும்தான் செய்யும், அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் வேறொரு மேசையில் நீங்கள்தான் தட்ட வேண்டும் என்றார். உங்கள் நாட்டில் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டேன். தொழில் புத்தி, மில்லிமீட்டரில் பதில் வருமென்று எதிர்பார்த்தேன். என் அம்மாவைப் புதைத்த இடத்துக்கு இப்போது படகில் போகிறோம் என்றார். பிறகு, மக்களின் சம்மதம் என்றிருந்த ஒரு வரியில் ‘முன்கூட்டிய’ என்ற ஒரே சொல்லைச் சேர்க்கத் தன் நாடும் வேறு சில நாடுகளும் பட்ட பாட்டைச் சொன்னார். தொடங்கும்போது என் தலைமயிர் உங்களுடையதைப் போலக் கறுப்பு என்று தலையைக் குனிந்து காட்டினார். ஒரு கறுப்பு மயிரும் இல்லை. நான் ஓம், ஓம் என்றேன். தமிழில்தான். அவருக்கு விளங்கிவிட்டது.

அன்று வீட்டுக்கு எடுத்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். சுதனும் ரவூப் நானாவும் விறாந்தையில் இருந்தார்கள்.

“என்ன சொன்னவை அத்தான்?”

“குறிச்சுக்கொண்டவை.”

“ஆ. எந்த நாள் குறிச்சவை?”

“நாள் இல்லடாப்பா. நான் சொன்னதைக் குறிச்சவை.”

பிறகு நானாவின் குரல். “அப்ப அவங்களும் ஓம் எண்டுதான் சொல்லியிருக்காங்க.”

மூன்று விமானம் மாறிப் போய் நான் கற்றுக்கொண்டதை அவர் கதிரையில் இருந்தபடி சொல்லி முடித்துவிட்டார் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அது உண்மை இல்லை. நானா பகிடிக்குச் சொன்னார். எனக்கு அந்தத் தீவு அம்மாவின் சொல் தலைக்குள் கிடந்தது, அதன் பெறுமதி என்னவென்று எனக்கும் தெரியாது, நானாவுக்கும் தெரியாது.

அந்த மாரியில் தண்ணீர் வந்தது. விடாத மழை. காலையில் நான் அணைக்கு ஓடிப்போனபோது தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அப்படியென்றால் எங்கள் வாசற்படியை நக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கதவுக்குக் காவல் இருந்தவர் குடையைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக நின்றார். “கோடு தொடேல்லை. தொடாமல் திறந்தா என்ர வேலை போயிடும் தம்பி. பூட்டுத் திறப்பும் டவுன் ஒபிசிலதான் கிடக்கு.” சுதன் கதவை நெம்பித் திறக்க அலவாங்கோடு வந்தான். பின்னால் இருபது முப்பது பேர், வயல் பக்கத்தாரும் சேர்த்து. நான் குறுக்கே நின்றேன். “நெம்பினா பல்லுச்சக்கரம் உடைஞ்சு கதவு இறுகிப்போகும். பிறகு திறப்பு வந்தாலும் திறக்க ஏலாது.” நான் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவன் அலவாங்கை மண்ணில் குத்திவிட்டு என்னைப் பார்த்தான். “அப்ப என்ன செய்யிறது, நிண்டு பாக்கிறதோ?” நின்று பார்த்தோம். மணல் திட்டு இருந்த காலமென்றால் ஒரு மணி நேரத்தில் வெட்டியிருப்பார்கள். கொங்கிரீட்டை மண்வெட்டியால் என்ன செய்வது?

மத்தியானம் தாண்டித் தண்ணீர் கோட்டைத் தொட்டது. டவுனிலிருந்து திறப்பு வந்தது. கதவு விதிப்படி திறந்தது. கருவி ஒரு பிழையும் விடாமல் வேலை செய்தது, எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் அதுதான்.

அதற்குள் உன் மாமா வீட்டின் பின்சுவர் போய்விட்டது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் காலில் பாதிக்கு ஏறியிருந்தது. மேட்டு ரோட்டுக்குப் போகிற பாதையில் தண்ணீரின் இழுவை அதிகம், உன்னைத் தோளில் வைத்து நடக்கப் பயம். சுதன் தன் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் மீன்பெட்டியில் கிடந்த ஐஸைக் கொட்டிவிட்டு, அம்மாவின் சேலையை மடித்துப் போட்டு, உன்னை உள்ளே கிடத்தி, மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தான். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “மருமோளே, சந்தைக்குப் போவமே?” என்று வழி முழுக்க உன்னோடு கதைத்துக்கொண்டு வந்தான். நீ பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பத்து மாதம் உனக்கு. உன் வாயில் முதன்முதலில் வந்த சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவன் கேட்கக் கேட்க ‘ஓ’ என்றாய், பிறகு வாய் மூடி ‘ம்’ என்றாய். அவன் நின்றுவிட்டான். “அக்கா, இவளும் சம்மதிச்சிட்டாள்” என்றான். அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள், நடையை நிறுத்தவில்லை.

கிணறுகளில் வெள்ளம் கலந்தது. காய்ச்சல், வயிற்றோட்டம். திருகோணமலை ஆஸ்பத்திரியில் உன் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் பட்ட பாட்டை அம்மா வந்து சொல்லட்டும், நான் அந்த நேரம் விறாந்தையில் போய் நின்றுவிட்டேன். நீ எழும்பிவிட்டாய். சுதன் எழும்பவில்லை, அதாவது வீட்டைத் திரும்ப எழுப்பவில்லை. தோணியை ரவூப் நானாவின் வளவில் கவிழ்த்துவிட்டுக் கொழும்புக்குப் போனான். மாடிவீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுகிறான். அம்மாவுக்கு ஊரில் இருந்த சொந்த இரத்தம் அவன் ஒருவன்தான். போனில் எப்போது கேட்டாலும் “சுகமா இருக்கிறன்” என்கிறான், என்ன சாப்பிட்டாய் என்றால் லைன் சரியில்லை என்கிறான்.

அந்தத் தீவு அம்மாவின் சொல் இதற்குப் பிறகுதான் வேலை செய்தது. ‘முன்கூட்டிய சம்மதம்’ என்று மன்றம் ஏற்றுக்கொண்ட வரி இருந்தபடியால், நிதி தந்தவர்கள் முறைப்பாட்டைக் கேட்டே ஆக வேண்டும். நான் அந்த மேசையில் தட்டினேன். விசாரிக்க ஒரு குழு வந்தது. இந்த முறை மொழிபெயர்க்க வந்தது நம்முடைய மாவட்டத்துக் கட்டைபறிச்சான் பக்கத்துப் பிள்ளை ஒன்று, கெட்டிக்காரி. கூட்டம் தொடங்க முதலே சொல்லிவிட்டாள். “ஐயாமார், அம்மாமார், தயவுசெய்து ஆரும் ஓம் போடாதேங்கோ. சம்மதம், சம்மதமில்லை, ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ.” ரவூப் நானா முன்வரிசையிலிருந்து “ஓம்” என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, முகம் மாறி, “சம்மதமில்லை” என்றார். அந்த வாசிகசாலையில் அந்தச் சொல் முதல் தடவை பதிவானது அப்போதுதான்.

முடிவு வந்தது. மக்களின் சம்மதம் சரியான முறையில் பெறப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இனிமேல் எந்த நாட்டிலும் இப்படி நடவாதபடி சம்மதத்தைப் பதியப் பொதுவான விதியொன்று வேண்டுமென்று மன்றத்துக்குச் சிபாரிசு செய்தார்கள். அதை எழுதும் குழுவில் இருக்க என்னைக் கேட்டார்கள். கோட்டை இறக்கும் விடயம் மேலதிக தொழில்நுட்ப ஆய்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. விளங்குகிறதா மகள்? எங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தால் உலகத்துக்கு ஒரு வரி கிடைக்கலாம். எங்களுக்கு அந்த ஒரு சாண் கிடைக்கவில்லை.

அம்மா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள். “நீங்கள் போனா அங்க ஒரு வரி வரும். இஞ்ச ஒரு சாண் ஆர் குறைக்கிறது?” நீயும் பிள்ளையும் என்னோடு வாங்கோ என்றேன். “எல்லாரும் போனா, தண்ணி வந்ததெண்டு சொல்ல இஞ்ச ஆர் இருக்கினம்?” என்றாள். அப்படியென்றால் மாரிக்கு முன் டவுனில் பெரியம்மா வீட்டுக்காவது போய் இருங்கோ என்றேன். “பாப்பம்” என்றாள். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் என்னவென்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

ஏன் போகிறேன்? ஊருக்காக என்று எழுதினால் நீ நம்பாதே. இங்கே இருந்தால் கோடு இறங்கும் என்றால் இருந்திருப்பேன், இருந்து பார்த்தாயிற்று, இறங்கவில்லை. போனால் இறங்குமா, அதுவும் தெரியாது. அந்த வரி வந்தால் வேறெங்கோ ஒரு கரையில் ஓம் சம்மதமாகப் பதியப்படாமல் போகலாம், வேறெங்கோ ஒரு பிள்ளை மீன்பெட்டியில் மிதக்காமல் இருக்கலாம். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது, தெரியாத பிள்ளைக்காக என் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நான் நல்லவனும் இல்லை. எனக்குள் இருப்பது கோபம். கையை அகட்டிக் காட்டியபோது திருப்பிக் கையசைத்த அந்த மனிதர் கெட்டவர் இல்லை, நல்ல மனதோடுதான் கையசைத்தார். நல்ல மனதுள்ள ஆட்கள் நிறைந்த அந்த மண்டபத்தில், என் கை என்ன சொல்கிறது என்று ஓர் ஆளுக்காவது விளங்கும் வரைக்கும் என்னால் சும்மா இருக்க ஏலாது. இது அப்பாக்கள் சொல்கிற காரணம் இல்லை என்று தெரியும். பொய்க் காரணம் தருவதைவிட இது மேல்.

உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். நீ என்ன படிப்பாயோ, எந்த மேசையில் இருப்பாயோ தெரியாது. சர்வதேச மன்றங்களை நம்பாதே என்று சொல்லமாட்டேன். அவை இல்லாவிட்டால் எங்களிடம் மேசையில் தட்டுவதற்குக்கூட ஒன்றும் இருந்திராது, நிதி தந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அங்கே செய்யப்படுவது சொல். சொல் தண்ணீரை இறக்காது. அதைச் சுமந்துகொண்டு முகத்துவாரம் வரைக்கும் ஓர் ஆள் வர வேண்டும், வருவதற்குள் மாரி வந்துவிடும். அந்தச் சொல்லுக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவில்தான் நாங்கள் இருக்கிறோம், நீயும் அங்கேதான் இருப்பாய் என்று நினைக்கிறேன். ஓர் அறைக்குள் போனால் யார் ஓம் சொல்கிறார்கள் என்று கேட்காதே, யார் மண்வெட்டியைத் தொடுகிறார்கள் என்று பார்.

இந்த வீட்டிலும் பார்த்துவிட்டேன். போவதென்று முடிவெடுத்தபோது அம்மாவிடம் சொன்னேன், “ஓம்” என்றாள். அந்தக் கிழமை முழுக்க என் பயணப்பெட்டி அறை நடுவில் திறந்து கிடந்தது. அவள் அதைச் சுற்றி நடந்தாள், சுற்றிக் கூட்டினாள், உன் விளையாட்டுச் சாமான்களை அதிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். ஒரு சேர்ட்டைக்கூட மடித்து உள்ளே வைக்கவில்லை. நானே அடுக்கினேன். பிறகு குசினிக்குப் பின்னால் கிடந்த அந்த ரெஜிபோம் பெட்டியை எடுத்துக் கழுவிக் காயவைத்து, புதுக் கயிறும் கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். வைத்த பிறகுதான் உன்னைத் தூக்கி அளவு பார்த்தேன். நீ இப்போது அதற்குள் கொள்ளமாட்டாய்.

இன்று காலை நீ முற்றத்தில் இருந்து ஆட்டுக்குட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் குந்தி இருந்து கேட்டேன்.

“மகள், அப்பா போகட்டோ?”

“ஓம்.”

“அப்பா போகாமல் இருக்கட்டோ?”

“ஓம்.”

இரண்டு தடவையும் நீ ஆட்டுக்குட்டியைத்தான் பார்த்தாய். மன்றத்தின் கணக்கில் இந்த வீடு ஏகமனதாகச் சம்மதித்துவிட்டது. முகத்துவாரத்தின் கணக்கில் இன்னும் ஒரு மண்வெட்டியும் எழும்பவில்லை. வித்தியாசம் தெரிந்தவன் நான், அதை எழுதத்தான் போகிறேன், தெரிந்துகொண்டே நாளை விடிய முதல் பஸ்சில் ஏறுகிறேன்.

இதை வாசிக்கிற வயதில், அந்தக் கேள்வியை நான் உன்னிடம் திரும்பவும் கேட்டதாக எடுத்துக்கொள். யோசித்துச் சொல். அவசரமில்லை, நான் பொறுத்திருக்கப் பழகிக்கொள்கிறேன். திட்டுவதென்றாலும் திட்டு. ஓம் என்று மட்டும் சொல்லாதே.

அப்பா